உழவர் சந்தைக்குக் கூரை மாற்றினால் கூட்டம் வருமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. நீலகிரியில் உங்கள் ஊர் உழவர் சந்தையில் பாதிக் கடைகள் காலியாகக் கிடக்கின்றன, இருக்கிற கடைகளிலும் நிஜமான விவசாயி எத்தனை பேர் என்று சந்தேகமாக இருக்கிறது, இப்போது பழைய ஷெட்டை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது, கட்டினால் பழைய கூட்டம் திரும்புமா. ஊட்டியா குன்னூரா என்று நீங்கள் சொல்லவில்லை, எதுவாக இருந்தாலும் என் பதில் பெரிதாக மாறாது. கேள்வி கட்டடத்தைப் பற்றி இருந்தாலும், விவசாயி ஏன் வருவதை நிறுத்தினார், என்ன செய்தால் வருவார் என்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் வேளாண் விற்பனைத் துறையில் மேற்கு மாவட்டங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பெரும்பகுதி சமவெளியில் கழிந்தது, கடைசிச் சில வருடங்கள்தான் மலையில். அதனால் நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் ஒரே எடை கொடுக்க வேண்டாம், ஊகமாகச் சொல்கிற இடத்தில் ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

நிச்சயமானதிலிருந்து தொடங்குகிறேன். கூரையும் டைல்ஸும் பெயின்ட்டும் போட்டதால் மட்டும் ஒரு உழவர் சந்தை எழுந்து நின்றதை நான் பார்த்ததில்லை. திறப்பு விழா நடந்த மாதம் கூட்டம் இருக்கும், அதிகாரிகள் வந்து போவார்கள், அப்புறம் பழைய கதைதான். விவசாயி சந்தைக்கு வருவது ஒரே ஒரு கணக்கில். அரை நாள் தோட்ட வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தால், மண்டிக்கு அனுப்புவதைவிடக் கையில் எவ்வளவு கூடுதலாக நிற்கும்? சும்மா ஒரு கணக்குக்கு, பீன்ஸ் மண்டியில் கிலோ 20 ரூபாய் போகிறது என்று வையுங்கள். கமிஷன், சாக்கு, சுமைக்கூலி, லாரி வாடகை எல்லாம் கழித்தால் கைக்கு 16 ரூபாய் வருகிறது. உழவர் சந்தையில் அதே பீன்ஸுக்கு 24. அறுபது கிலோ விற்றால் கூடுதலாக 480 ரூபாய். இது கிட்டத்தட்ட அவர் விட்டுவந்த வேலைக்கான கூலிக்குச் சரியாகப் போகும். முப்பது கிலோதான் விற்றது என்றால் 240, நஷ்டம். நூறு கிலோ விற்றால் 800, அப்போதுதான் நாளைக்கும் வருவோம் என்று தோன்றும். ஆக அந்த அறுபதுக்கும் நூறுக்கும் நடுவில்தான் உங்கள் சந்தையின் ஜீவன் இருக்கிறது, கூரையின் உயரத்தில் இல்லை.

பழைய கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் மலையில் எங்கே இடிக்கிறது என்று புரியும். விவசாயியே நேராக விற்கிற சந்தையாகப் பஞ்சாபில் 1987-ல் அப்னி மண்டி வந்தது, ஆந்திராவில் 1999 ஜனவரியில் ரைத்து பஜார் வந்தது, அந்த வருடமே நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் நம் முதல் உழவர் சந்தை திறந்தது. தரகர் கிடையாது, கடைக்கு வாடகை கிடையாது, தராசு இலவசம், அரசுப் பேருந்தில் காய்கறி மூட்டைக்குக் கட்டணம் கிடையாது. நிலத்தையும் பயிரையும் பார்த்துப் புகைப்படத்தோடு அடையாள அட்டை கொடுப்பார்கள். தினமும் காலையில் விலை நிர்ணயம் செய்து பலகையில் எழுதுவார்கள், மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாக, வெளியே சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. 2001-ல் ஆட்சி மாறியதும் பல சந்தைகள் கேட்பாரற்றுப் போயின, 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் கொடுத்தார்கள், 2021-ல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டிலும் புதுப்பிக்கப் பணம் ஒதுக்கினார்கள். அரசியலைத் தள்ளி வைத்துப் பார்த்தால், இந்த அமைப்பு எங்கே நன்றாக ஓடியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் கத்தரி, வெண்டை, தக்காளி, கீரை என்று கலந்து பயிர் செய்கிற சின்ன விவசாயிகள் இருக்கும் இடத்தில் ஓடியது. தினமும் கொஞ்சம் பறிப்பார், தினமும் கொஞ்சம் விற்பார்.

மலையில் விவசாயம் அப்படி இல்லை. கேத்தி பாலாடா பக்கம் ஒரு கேரட் அறுவடையைப் பார்த்திருந்தால் உங்களுக்கே தெரியும். விடிவதற்கு முன்னாலேயே ஆட்கள் இறங்கி, டார்ச் வெளிச்சத்தில் பிடுங்கி, தழையைத் திருகிப் போட்டு மூட்டை கட்டுவார்கள். அங்கிருந்து நேராகக் கழுவும் மெஷினுக்கு, அங்கிருந்து லாரியில் மேட்டுப்பாளையம். ஏக்கருக்குப் பத்து டன் பக்கம் வரும், அதையும் இரண்டு மூன்று நாளில் எடுத்தாக வேண்டும், ஆள் கிடைக்கிற நாளும் லாரி கிடைக்கிற நாளும் ஒத்துவர வேண்டும். இவரைப் பிடித்து உழவர் சந்தைக்கு வாருங்கள் என்றால் அவர் என்ன செய்வார்? ஐம்பது கிலோ கேரட்டை வைத்துக்கொண்டு எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை உட்கார அவருக்கு நேரம் ஏது? உருளைக்கிழங்குக்கும் இதே நிலைதான். நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் 1935-ல் தொடங்கியதே இந்த மொத்தச் சரக்குக்காகத்தான், இன்றைக்கும் மேட்டுப்பாளையத்தில் ஏலம் நடக்கிறது. புரோக்கோலி, லெட்யூஸ், சுகினி மாதிரி நாம் சைனீஸ் காய்கறி என்று சொல்கிறவை இன்னொரு ரகம், அவை ஆர்டரின் பேரில் நேராகப் பெரிய நகரங்களுக்குப் போய்விடும். ஆகப் பெரிய கேரட் விவசாயி வரவில்லையே என்று வருத்தப்படுவதில் அர்த்தம் இல்லை, இந்தச் சந்தை அவருக்காக ஏற்பட்டதே இல்லை.

அப்படியென்றால் யாருக்காக? அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்துக்கொண்டு, பீன்ஸ் ஒரு பாத்தி, பீட்ரூட் ஒரு பாத்தி, வேலியோரம் மேராக்காய்ப் பந்தல், கொல்லையில் கீரையும் அவரையும் என்று வைத்திருக்கிறார்களே, அவர்களுக்காக. ஹட்டிகளில், அதாவது படுகர் கிராமங்களில், இந்த வேலையைப் பெரும்பாலும் பார்ப்பது பெண்கள். அவர்களிடம் ஒரு நாளைக்கு இருபது கிலோ, முப்பது கிலோதான் தேறும். மேலே போட்ட கணக்குப்படி முப்பது கிலோவுக்கு வந்து உட்கார்ந்தால் கட்டாது. ஆனால் நாலைந்து வீட்டுக் காய்கறியைச் சேர்த்து ஒருவர் கொண்டுவந்தால் கட்டும், முறை வைத்து இன்று ஒருத்தர் நாளை ஒருத்தர் வந்தால் போதும். இங்கேதான் சட்டச் சிக்கல் வரும். அட்டை ஒருவர் பெயரில், சரக்கு ஐந்து பேருடையது என்றால், பரிசோதனைக்கு வருகிற அதிகாரி அவரையும் வியாபாரி என்று எழுதிவிட முடியும். எனவே மகளிர் குழு பெயரிலோ உழவர் உற்பத்தியாளர் குழு பெயரிலோ ஒரு கடையை எழுத்துப்பூர்வமாக வாங்கிக்கொள்வது நல்லது. உங்கள் ஊரில் முயற்சி எங்கிருந்தாவது தொடங்க வேண்டும் என்றால் இங்கிருந்து தொடங்கச் சொல்வேன். ஒரு ஹட்டி, ஒரு குழு, ஒரு கடை.

அடுத்தது வியாபாரி விஷயம், நீங்கள் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருந்தீர்கள். விவசாயி பெயரில் அட்டை வாங்கி வியாபாரி உட்காருவது எல்லா மாவட்டத்திலும் உள்ள நோய். மலையில் இதைக் கண்டுபிடிப்பது ரொம்ப சுலபம், அட்டையைக்கூடப் பார்க்க வேண்டாம், கடையைப் பார்த்தால் போதும். ஒரே கடையில் கேரட், முருங்கைக்காய், சின்ன வெங்காயம், கத்தரிக்காய் எல்லாம் இருந்தால் அது ஒரே தோட்டத்தில் விளைந்ததில்லை, ஊட்டியில் முருங்கை காய்க்காது. பீன்ஸ் எல்லாம் ஒரே அளவில் பொறுக்கி எடுத்த மாதிரி இருந்தாலும் சந்தேகப்படலாம், தோட்டத்தில் பறித்த பீன்ஸில் முற்றலும் பிஞ்சும் கலந்துதான் வரும், கூடையின் அடியில் நாலு இலை கிடக்கும். நியூயார்க்கில் 1976-லிருந்து கிரீன்மார்க்கெட் என்று நடத்துகிறார்கள், விளைவித்தவர் மட்டுமே விற்க வேண்டும் என்பது அங்கே விதி, இன்ஸ்பெக்டர்கள் தோட்டத்துக்கே போய் இந்தப் பயிர் இந்த அளவு இங்கே இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நம்மிடமும் விதி அதேதான், கையில் தோட்டக்கலை உதவி அலுவலரும் இருக்கிறார். இல்லாதது அட்டை கொடுத்த பிறகு ஒவ்வொரு பருவத்துக்கும் போய்ப் பார்க்கும் பழக்கம். மூன்று வருடத்துக்கு முன்னால் பயிர் இருந்தது என்பதற்காக இன்றைக்கும் இருக்கும் என்று சொல்ல முடியுமா? அந்த நிலம் இடையில் தேயிலையாகவோ ரிசார்ட்டாகவோ மாறியிருக்கும்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், இதில் என்னோடு வேலை பார்த்த பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எல்லா வியாபாரியையும் ஒரே நாளில் விரட்டினால் சந்தை அன்றைக்கே படுத்துவிடும். வீட்டுக்குக் காய் வாங்க வருகிறவருக்கு வெங்காயமும் தக்காளியும் இல்லாமல் நடக்காது. அவை இங்கே கிடைக்கவில்லை என்றால் எப்படியும் முனிசிபல் மார்க்கெட்டுக்குப் போகத்தான் வேண்டும், போனவர் பீன்ஸையும் அங்கேயே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். இதற்கு ஒளிவுமறைவு இல்லாத வழிதான் நல்லது. காரமடை, மேட்டுப்பாளையம் பக்கத்து விவசாயிகளில் அட்டை உள்ளவர்களுக்கு இரண்டு மூன்று கடை ஒதுக்கிச் சமவெளிக் காய் கொண்டுவரச் சொல்லலாம், அவர்களுக்கும் மலையேறி வந்தால் விலை கூடுதலாகக் கிடைக்கும். அது சரிப்படாவிட்டால் ஒரு கடையை வெளிப்படையாகக் கூட்டுறவுக் கடையாக அறிவித்து, பலகையில் அப்படியே எழுதி வைக்கலாம். மக்களுக்கு வியாபாரியிடம் வாங்குவதில் ஆட்சேபணை கிடையாது, விவசாயி என்று நம்பி ஏமாறுவதில்தான் ஆட்சேபணை.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. சமவெளியில் உழவர் சந்தை விடிகாலையில் களைகட்டும், எட்டு மணிக்குப் பாதி காலி. அதே நேரத்தை மலைக்கும் வைத்தால் என்ன ஆகும்? டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற காலையில் ஆறு மணிக்கு ஸ்வெட்டருக்கு மேல் கம்பளியைச் சுற்றிக்கொண்டு காய்கறிக்கு யார் வருவார்? எட்டரைக்கு மேல்தான் ஊரே வெளியே வரும். விவசாயியும் பனி ஈரத்தில் கீரை பறிக்க முடியாது, முந்தின நாள் மாலையே பறித்து வைக்க வேண்டியிருக்கும், அப்புறம் அன்றைக்குப் பறித்த காய் என்ற பெருமை எங்கே? காலை எட்டிலிருந்து பகல் இரண்டு வரை என்று வைத்துப் பாருங்கள். பஸ்ஸும் இதோடு சேர்ந்தது. மலைக் கிராமத்துக்குக் காலையில் ஒரு வண்டி, அதை விட்டால் பத்து மணிக்குத்தான் அடுத்தது. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் மலைப் பகுதிக்கும் 2024-ல் வந்துவிட்டது, அது பெரிய உதவிதான், ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களும் நெருக்கி நிற்கிற அந்த வண்டியில் இரண்டு மூட்டையை ஏற்ற வேண்டுமே. கண்டக்டர் முணுமுணுப்பார், படியில் வைக்காதே என்பார், மூட்டை நசுங்கினால் பீன்ஸ் உடையும். நான் பார்த்த வரையில் சந்தைக்கு வருவதை விட்டவர்களில் பலர் விலைக்காக விடவில்லை, இந்தத் தினசரி அவமானத்துக்காக விட்டார்கள். நாலு கிராமத்தை இணைத்து ஒரு பிக்அப் வண்டி, வாடகையைப் பகிர்ந்துகொள்கிற ஏற்பாடு, இதற்குப் புதுக் கட்டடத்துக்கு ஆகும் செலவில் ஒரு துளி போதும்.

இதை வைத்துத்தான் அடுத்த யோசனையும். தினமும் திறந்து வைத்துத் தினமும் காலியாக இருப்பதைவிட, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் முழுச் சந்தையாக நடத்தலாம். நம் ஊர்களில் வாரச் சந்தை காலம் காலமாக இப்படித்தான் பிழைத்திருக்கிறது, கொடைக்கானலில் ஞாயிற்றுக்கிழமை சந்தை இன்றைக்கும் நெரிகிறது. கலப்புப் பயிர்க்காரருக்கு வாரத்துக்கு இரண்டு பறிப்பு இயல்பாகவே ஒத்துவரும், வாங்குகிறவரும் நாள் தெரிந்து பையோடு வருவார், எல்லாரும் அந்த இரண்டு நாளில் குவிவதால் ஒருவருக்கு அறுபது கிலோ என்பது நூறாகும். மற்ற நாளில் இஷ்டப்பட்டவர்கள் உட்காரட்டும். இது மலைக்குப் பொருந்தும் என்பது என் ஊகம்தான், துறையின் நடைமுறை தினச்சந்தையை மனதில் வைத்தே இருக்கிறது, நிர்வாக அலுவலர் சம்மதிக்க வேண்டும்.

விலைப் பலகையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பீன்ஸுக்கு ஒரே விலை என்று எழுதிவிட்டால், காலையில் பறித்த பிஞ்சு பீன்ஸ் கொண்டுவந்தவரும் முந்தாநாள் முற்றிய பீன்ஸ் கொண்டுவந்தவரும் ஒன்றாகிவிடுவார்கள். நல்ல காய் வைத்திருப்பவர் இரண்டு வாரம் பார்ப்பார், அப்புறம் தன் நல்ல சரக்கை ஹோட்டலுக்குக் கொடுத்துவிட்டுக் கழிவை இங்கே கொண்டுவருவார். முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று இரண்டு விலை எழுதுவது பல சந்தைகளில் ஏற்கெனவே உள்ள வழக்கம், அதை எல்லாக் காய்க்கும் கறாராகச் செய்ய வேண்டும்.

சுற்றுலாப் பயணிகளை இழுத்தால் சந்தை பிழைக்காதா என்றும் கேட்டிருந்தீர்கள். இதில் எனக்கு இரண்டு மனம். கோயம்புத்தூரிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வருகிறவர் திரும்பும்போது தழையோடு ஒரு கட்டு கேரட், சீசனில் பிளம்ஸ், பேரிக்காய், கொஞ்சம் பூண்டு, ஒரு பாட்டில் மலைத்தேன் வாங்குவார், பேரமும் பேசமாட்டார். அந்தப் பணம் விவசாயிக்கு வந்தால் நல்லதுதான். ஆனால் அவர் முட்டைகோஸும் நூல்கோலும் வாங்கமாட்டார், மே மாதம் வருவார், ஜூலை மழையில் வரமாட்டார். சியாட்டிலில் பைக் பிளேஸ் மார்க்கெட் 1907-ல் தொடங்கியபோது காரணம் வெங்காய விலை, நடுவில் ஆளை விட்டுவிட்டு விவசாயியே நேராக விற்கட்டும் என்று நகராட்சி ஏற்பாடு செய்தது. 1960-களில் அதை இடிக்கத் திட்டம் போட்டார்கள், 1971-ல் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுக் காப்பாற்றினார்கள். இன்றைக்கு அங்கே ஜனக்கடல், ஆனால் கைவினைப் பொருளும் தின்பண்டமும் வேடிக்கை பார்க்கிற கூட்டமும் பெருகிவிட்ட இடத்தில் அன்றாடச் சமையலுக்குக் காய் வாங்குகிறவர் தேடித்தான் பிடிக்க வேண்டும். உங்கள் ஊரிலும் முன்வரிசை முழுக்க ஹோம்மேட் சாக்லேட்டும் யூகலிப்டஸ் தைலமும் வந்துவிட்டால் உள்ளூர்க்காரர் வண்டியை நிறுத்த இடம் இல்லாமல் திரும்பிப் போவார். சனி, ஞாயிறில் வாசல் ஓரம் பழத்துக்கும் தேனுக்கும் நாலு கடை, அதுவும் விளைவித்தவருக்கே, அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

சரி, எப்படியும் கட்டத்தான் போகிறார்கள் என்றால் எதில் செலவு செய்யச் சொல்வீர்கள்? முதலில் கழிப்பறை, பூட்டும் தண்ணீரும் விளக்கும் உள்ள பெண்கள் கழிப்பறை. இது இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்காருகிற பெண்களை எல்லாச் சந்தையிலும் பார்க்கலாம், அவர்கள் பதினோரு மணிக்கே மூட்டையைக் கட்டிவிடுவார்கள். அடுத்தது வடிகால், நீலகிரியில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு, தண்ணீர் தேங்குகிற தரையில் காயும் கெடும் கூட்டமும் கெடும். சாரல் பக்கவாட்டில் அடிக்கும் என்பதால் கூரையை நீட்டிப் போட வேண்டும், சமவெளி டிசைனை அப்படியே கொண்டுவந்து வைத்தால் முதல் ஜூலையிலேயே தெரிந்துவிடும். தராசும் கிரேட்டும் வைத்துப் பூட்டிவிட்டுப் போக ஒரு அறை. பிளாஸ்டிக் பைக்கு மாவட்டத்தில் வெகுகாலமாகத் தடை இருப்பதால் பை இல்லாமல் வருகிறவருக்கு வாசலில் துணிப்பை. குளிர்பதனக் கிடங்கு வேண்டும் என்று யாராவது சொல்வார்கள், எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஊட்டிக் குளிரில் கேரட்டும் முட்டைகோஸும் ஒருநாள் இரண்டுநாள் தானாகவே தாங்கும், கீரைக்குக் கிடங்கு கட்டி மின்கட்டணம் கொடுப்பதற்குப் பதில் மிச்சம் விழாமல் விற்கிற வழி பார்க்கலாம். விடுதி, ஹாஸ்டல், ஹோட்டல்காரர்களை ஒரு மணிக்கு வந்து மிச்சத்தை மொத்தமாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாலும் விவசாயிக்குத் திரும்பிச் சுமக்கிற வேலை மிச்சம். மண்டி விலை தரையில் கிடக்கிற வாரங்களில் இந்த ஏற்பாடு அருமையாக ஓடும். மண்டி விலை ஏறினால் விவசாயி அங்கேதான் போவார், நாம் குறை சொல்ல முடியாது.

நீங்கள் ஒரு குடியிருப்போர் சங்கத்தில் இருப்பதாகச் சொன்னீர்கள், அதனால் கடைசியாக இது. மனு எழுதுவதற்கு முன்னால் ஒரு வாரம், உங்களில் இரண்டு பேர் முறை வைத்துப் போய் ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தக் கடையில் யார், எந்தக் கிராமம், என்ன காய், எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குக் கிளம்பினார், எவ்வளவு மிச்சம் கொண்டுபோனார். வராமல் போன பழைய அட்டைக்காரர்கள் பத்துப் பேரையாவது ஊரில் போய்ப் பார்த்துக் காரணம் கேளுங்கள், உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்துத்தான் சொல்வார்கள், அவசரப்படாதீர்கள். அந்த நோட்டோடு போய் நின்றால் நிர்வாக அலுவலரும் உட்கார்ந்து பேசுவார், வெறும் மனுவுக்கு ரசீதுதான் கிடைக்கும். புது நேரமோ வாரச் சந்தையோ எதைத் தொடங்கினாலும் மே மாதத்தில் மட்டும் தொடங்காதீர்கள், மலர்க் கண்காட்சி நெரிசலில் பிக்அப் வண்டியே ஊருக்குள் வர முடியாது, அந்த மாதக் கூட்டத்தை நம்பிப் போட்ட கணக்கும் ஜூனில் பொய்யாகும். ஏப்ரல், மே மழைக்கு விதைத்தது காய்க்கு வருகிற ஆகஸ்ட் வாக்கில் தொடங்கினால் சரக்கும் இருக்கும், உள்ளூர்க்காரர்களும் ஊரில் இருப்பார்கள்.